அது நாளைக்கு

"ப்ரூம்!" என்றார் டீச்சரம்மா, துடைப்பத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து.

"ப்ரூம்!" என்றன ஒன்பது குரல்கள். துணி உலர்த்தும் இயந்திரத்தின் இரைச்சலையும் மீறி அது ஓட்டலின் கீழ்த்தளம் முழுக்கக் கேட்டது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம், படுக்கை விரிப்புகளை மடிக்கும் அறையில்தான் வகுப்பு. அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்கள்தான் மாணவிகள். ஒரு நாளைக்குப் பத்து ஆங்கிலச் சொல். அதற்குமேல் ஒன்றுகூடக் கிடையாது.

டீச்சரம்மாவுக்கு உண்மையில் அங்கே இஸ்திரி போடும் வேலை. ஒரு தாளைக்கூடப் பார்க்காமல், தண்ணீர் பட்ட பாடாகச் சொற்களை அள்ளி விடுவதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

சின்னக்கா கையைத் தூக்கினாள். "ஊசி நூலுக்கு இங்கிலீஷ்ல என்ன டீச்சரம்மா?"

டீச்சரம்மா கையிலிருந்த ஹேங்கரால் மேசையைத் தட்டினார். "அது நாளைக்கு."

"ஐயோ, நாளைக்குப் பத்து மணிக்குத்தானே எனக்குப் பரீட்சை!"

பாவம், ஒன்பது வருடமாகக் குளியலறைத் தரையைத் தேய்த்துத் தேய்த்துச் சின்னக்காவின் இரண்டு முட்டியும் போய்விட்டன. மூன்றாம் மாடிக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டுமாம். குனியவே வேண்டாத வேலை. மேனேஜர் விருந்தாளி மாதிரி உட்கார்ந்து ஆங்கிலத்தில் மூன்று பொருள் கேட்பார். மூன்றும் சரியாக வந்தால் வேலை; ஒன்று தப்பினாலும் பழையபடி பக்கெட்.

"முந்தாநேத்து ஒருத்தரு சட்டையைக் காட்டி என்னவோ கேட்டாரு. நானும் வாங்கிட்டுப் போயி, தோய்ச்சு, தேய்ச்சு, மடிச்சுக் குடுத்தேன். மனுஷன் தலையில அடிச்சுக்கிட்டாரு. பட்டன் அறுந்திருக்குதாம்! மேனேஜர் காது வரைக்கும் போயிடுச்சு. நாளைக்கு அதைத்தான் கேப்பாரு, பாருங்க" என்றாள் சின்னக்கா.

"இப்பவே சொன்னா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?" என்றாள் நெட்டை. அலமாரியின் மேல்தட்டுக்கெல்லாம் அவள்தான் ஏணி; நாக்கும் அதே நீளம். "போன வாரம் உங்க பாப்பாவுக்குக் காய்ச்சல்னு மூணு நாள் பாடமே நடத்தல. வேலைக்கு மட்டும் டாண்ணு வந்தீங்க. நடத்தியிருந்தா ஊசியும் நூலும் அப்பவே வந்திருக்கும்."

"மனசு வீட்டுல கெடக்கறப்ப வாயில பாடம் வருமாடி?" டீச்சரம்மா முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சின்னக்கா, காலைல எட்டு மணிக்கு வந்துடுங்க. கண்டிப்பா சொல்றேன்."

சொன்னபடியே எட்டு மணிக்கு லிஃப்ட் வாசலில் நின்றார். "ஊசி, நீடில். நூல், த்ரெட்." அந்த இரண்டு மணி நேரமும் சின்னக்காவின் வாய் ஓயவில்லை. மந்திரம் செபிக்கிறாள் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள்.

பத்து மணிக்கு மூன்றாம் மாடி அறை ஒன்றின் கதவில் எட்டுக் காதுகள் ஒட்டியிருந்தன. உள்ளே மேனேஜர் கட்டிலில் விருந்தாளியாக உட்கார்ந்திருந்தார்.

"பிளாங்கெட்" என்றார். போர்வை வந்தது. "அம்ப்ரெல்லா" என்றார். குடை வந்தது. மூன்றாவதாகத் தன் சட்டையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "நீடில் அண்ட் த்ரெட், ப்ளீஸ்."

சின்னக்கா விறுவிறுவென்று கதவு வரை வந்தவள், அப்படியே நின்றுவிட்டாள். வெளியே எட்டுப் பேருக்கும் மூச்சு நின்றது.

சின்னக்கா திரும்பினாள். "சார்... ஒயிட்டா? பிளாக்கா?"

நிறங்கள் போன மாதப் பாடம். மேனேஜர் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். சிரிப்பை அடக்க முடியாமல், "ப்ளூ" என்றார்.

அப்புறம் என்ன! சின்னக்காவைத் துணி வண்டியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டே கீழே கொண்டுவந்தார்கள். பின்னாலேயே மேனேஜரும் வந்தார்.

"சொல்லிக்குடுத்தது நீங்களாம்மா? இனிமே எல்லா மாடி ஆளுங்களுக்கும் நீங்களே பாடம் எடுங்க. இஸ்திரிக்கு வேற ஆள் போட்டுக்கலாம்."

டீச்சரம்மா கையில் இஸ்திரிப் பெட்டி அந்தரத்தில் நின்றது. "வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன் சார்."

மேனேஜர் நகர்ந்ததும் நெட்டை பொரிந்தாள். "இவ்வளவு படிச்சும் வீட்டுல கையைக் கட்டிக்கிட்டு நிக்கணுமா? அந்த மகராசன் அவ்வளவு கெடுபிடியா?"

"எந்த வீட்டுலதான் இல்ல?" என்றாள் சின்னக்கா. "என் பேரைச் சொல்லி ஒரு கும்பிடு போட்டுக் கேளுங்க டீச்சரம்மா. மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க."

சாயங்காலம் டீச்சரம்மா வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, தண்ணீர்கூடக் குடிக்காமல், நீல நூல் வரைக்கும் ஒரே மூச்சில் ஒப்பித்தார். சின்னக்காவின் கும்பிடையும் மறக்காமல் போட்டார்.

"எல்லா மாடிக்கும் எடுக்கணுமாம். என்ன சொல்லட்டும்?"

ஒரு கை கன்னத்தில் ஊன்றியிருந்தது. இன்னொரு கை ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் மிச்சமிருந்த பக்கங்களை நிதானமாக எண்ணிப் பார்த்தது.

"சரின்னு சொல்லிடும்மா. ஆனா இந்தப் புக்கு முடிஞ்சா, நான் ரெண்டாங்கிளாஸ் போற வரைக்கும் எல்லாருக்கும் லீவு!"