எதிர்ச் சிப்பாய்

“ராணிக்கு முன்னால இருக்கிற சிப்பாயை ரெண்டு கட்டம் தள்ளுனா, நீயும் நேர் எதிர்ல ஒரு சிப்பாயை வச்சு மறிச்சிரணும். அம்புட்டுத்தான்” என்றான் உடையப்பன்.

“நான் குதிரையைத்தான் எடுப்பேன்” என்றாள் சுந்தரம்மாள், வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் நறுக்கியபடியே.

அவனுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. சாணார்பட்டி யூனியன் ஆபீசில் அவன் பேச்சை யாரும் தட்டுவதில்லை.

“இத்தனை வருசமா திண்டுக்கல் கிளப்புல செஸ் ஆடுறவன் சொல்றேன். இந்த வருசந்தான் பொம்பளைகளையும் போட்டியில சேத்திருக்காக. கடைசி ஆட்டம் வரைக்கும் வந்துட்டு, அம்புட்டுப் பேர் முன்னால மானத்தை வாங்கப் போறியா?”

“எதிர்ல வச்சா, பக்கத்துச் சிப்பாயை இரையா நீட்டுவாக. வெள்ளைக்காய் ஆடுறவுகளுக்கு அந்த வழியெல்லாம் மனப்பாடம். குதிரையை எடுத்தா செத்த நேரம் யோசிக்கணும்ல?”

“அப்ப, புருசன் பேச்சைக் கேக்க மாட்ட?”

“ஆடப் போறவ நான்.”

சாப்பாடே வேண்டாமென்று எழுந்து போனான்.

ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் கூட்டம் நெரிந்தது. சுந்தரம்மாள் கறுப்புக்காய்களின் பக்கம் உட்கார்ந்தாள்.

“யார் ஜெயிச்சாலும் கோப்பை ஒரே வீட்டுக்குத்தான் போகுது” என்று செயலாளர் சிரித்தார்.

அவளுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்த உடையப்பன் சிரிக்கவில்லை. ராணிக்கு முன்னாலிருந்த வெள்ளைச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினான். அவள் குதிரையை எடுத்து வைத்தாள். ஒரு வாரமாக அவன் பழகி வைத்திருந்த ஆட்டம் அத்தோடு போயிற்று.

“சொன்னா கேக்கவே மாட்டியாடி?” என்று பல்லைக் கடித்தான்.

“ஆடும்போது பேசக் கூடாதாம்” என்றாள் சுந்தரம்மாள்.