பாதி மாத்திரை

சமையலறை ஜன்னல் வெயிலில், அவளுடைய உள்ளங்கையில் வலிப்பு மாத்திரை வெள்ளையாகக் கிடக்கிறது. இன்னொரு கை மேடிட்ட வயிற்றின் மேல் இருக்கிறது. மாத்திரையை நிறுத்தவே கூடாது என்கிறார் டாக்டர். பிள்ளைக்கு ஆகாது என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி. இருவர் பேச்சையும் தட்டாமல் அவள் அதை இரண்டாக உடைக்கிறாள். மாமியார் பார்த்துவிடுகிறார். “ஏம்மா, டாக்டருக்குப் பாதி, பக்கத்து வீட்டுக்குப் பாதியா?” “எது சரின்னே புரியல அத்தை.” “எனக்கு மட்டும் புரியுதா? இரு, டாக்டரையே கேப்போம்.” போனில் டாக்டரின் குரல் கேட்கிறது: “ரெண்டு பாதியையும் இப்பவே போடச் சொல்லுங்க.” அவள் போட்டுக்கொள்கிறாள். குழப்பம் தீரவில்லை, காலி டம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்திருக்கிறாள். காற்றில் விளக்கைப் பொத்துவதுபோல, அந்தக் கையை அத்தை தன் இரு கைகளாலும் பொத்திக்கொள்கிறார்.