வளராத கறிவேப்பிலை

“இந்தக் கறிவேப்பிலைக் கன்னு தேறாது, கலை. பிடுங்கிப் போட்டுடறேன்.”

வேளாண் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற இளஞ்செழியன், கையில் புளித்த மோர்ச் சொம்போடு அந்தச் சாண் உயரக் கன்றை முறைத்தார்.

“பாவம், இருக்கட்டுமேங்க” என்றாள் மனைவி கலைமகள்.

“ஆடிப்பெருக்கு அன்னைக்கு வெச்சது. பொங்கலே வரப்போவுது. மோர், பஞ்சகவ்யா, மீன் அமிலம்னு எதைத்தான் ஊத்தல? ஒரு விரக்கடை வளந்துருக்கா? வாட்ஸ்அப் குரூப்புல ஊருக்கே யோசனை சொல்றவன் வீட்டுல இப்படி ஒரு நோஞ்சான்!”

அவர் கன்றின் மேல் கை வைத்ததும் கலைமகள் பதறினாள்.

“அதை விடுங்க! அது போன வாரம் வெச்ச கன்னு.”

“என்னது?”

“நீங்க ஊத்துன ஊத்துல மொத கன்னு அப்பவே அழுகிப்போச்சு. மனசு கஷ்டப்படுவீங்கன்னு, நீடாமங்கலத்துலேருந்து அதே உயரத்துல ஒண்ணு வாங்கியாந்து உங்களுக்குத் தெரியாம வெச்சேன். அதையும் கொன்னீங்க. இது நாலாவது.”

இளஞ்செழியன் மோர்ச் சொம்பை மெதுவாகக் கீழே வைத்தார்.

“இதையாவது காப்பாத்த நான் என்ன செய்யணும்?”

“ஒண்ணுமே செய்யாதீங்க. தானா வளரும்.”

அவர் முகம் மலர்ந்தது.

“அவ்வளவுதானே? சர்வீஸ் முழுக்க அதைத்தானே செஞ்சேன்!”