போயிட்டு வர்றேன்

வரைபடத்தில் சிவப்புக் கோடு காட்டிய வழியில், வெளிநாட்டுத் துறைமுக நகரம் ஒன்றின் பழைய தெருக்களைத் தனியாகச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார் பூவராகன். வரைபடத்தில் எண் போட்டிருந்த ஐந்தாம் இடத்தில் ஒரு நீலக்கதவு வீடு. உள்ளிருந்து வந்த பெண் தமிழில் பேசி, சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, எல்லோரிடமும் சொல்வதுபோல, "போயிட்டு வர்றேன்மா" என்றார்.

ஆறாம் இடம் சீனக் கோயில். கோடு காட்டிய சந்தில் திரும்பினார். நீலக்கதவு நின்றது. வந்த வழியே நடந்தார். மறுபடியும் நீலக்கதவு. வரைபடத்தை மடக்கிவிட்டு, உச்சி வெயிலில், கடல் சத்தம் கேட்ட பக்கம் ஓடினார். அங்கேயும் அதே கதவு, அதே பெண்.

"வர்றேன்னு சொல்லிட்டுத்தானே போனீங்க?" என்றாள்.

அவள் காலடியில் தூசி படிந்த செருப்புகள் ஜோடி ஜோடியாகக் கிடந்தன.

வீட்டைவிட்டுக் கிளம்பும் யாரும் வாய்தவறியும் சொல்லாத சொல் அவர் நாக்கு நுனிக்கு வந்தது. "அப்ப நான் போ..."

அவள் பதறிப்போனாள். "ஐயோ, அதை மட்டும் சொல்லாதீங்க. இங்க ஒருத்தர்தான் அப்படிச் சொன்னாரு."

அவள் கைகாட்டிய சுவரில் மாலை போட்ட படம் ஒன்று தொங்கியது. பக்கத்தில் புதிதாக ஓர் ஆணி அடித்திருந்தது.

பூவராகன் குனிந்து செருப்பைக் கழற்றினார்.