ஓடையை மறித்த பாதை

கடப்பாரையைப் பிடுங்கி, அதைக் கொண்டே முகுந்த் அந்த ஆளின் முழங்கையில் அடித்தான்.

எலும்பு முறிந்த சத்தம் மழையிலும் கேட்டது.

அந்த ஆள் கத்தவில்லை. தொங்கிய கையை மறு கையால் தாங்கிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து இந்தியில் மறுபடியும் கேட்டான். "இதுக்குப் பர்மிஷன் எங்கே? காட்டு."

அவன் பெயர் சுனில் என்பதே முகுந்துக்கு அப்போது தெரியாது.

காட்டுவதற்கும் ஒன்றும் இல்லை. வாகட் என்ற அந்தப் புறநகரின் ஓடைக்கு மேல் தூண் வைத்த பாலம் கட்டத்தான் கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. சுற்றுச்சூழல் அனுமதி வரும்வரை ஓடைக்குள் ஒரு கூடை மண்கூடப் போடக் கூடாது. ஆனால் அக்கரையில் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிகளுக்கு சிமென்ட் லாரி போயாக வேண்டும். ஓடைக்குள் மூன்று குழாய்களைப் படுக்கப் போட்டு, மேலே மண்ணைக் கொட்டிப் பாதையாக்கினார்கள். மழைக்கு முன்னால் எடுத்துவிடலாம் என்றார் மேனேஜர். சைட் இன்ஜினீயரான முகுந்த்தான் கூடவே நின்று போட வைத்தான்.

மழை முந்திக்கொண்டது.

விடிந்தபோது மரக்கிளைகளும் பிளாஸ்டிக்கும் குழாய்களின் வாயை அடைத்திருந்தன. போக வழியில்லாத தண்ணீர் பின்னால் ஏறி, ஓடை வரும் பக்கம் இருந்த குடியிருப்புக்குள் புகுந்தது. கார் நிறுத்துமிடம் வரைதான் வந்திருக்கிறது என்று சைட் காவலாளி ஒருவன் சொன்னான். ராத்திரி முழுக்க சைட்டிலேயே இருந்த முகுந்த் நம்பினான். நம்புவது வசதியாகவும் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அந்தக் குடியிருப்புக்காரர்கள் பாதையை வெட்டிவிட வந்தார்கள். ரெயின்கோட்டும் தலைமூடியுமாக ஒரு கூட்டம். முகங்கள் தெரியவில்லை. முன்னால் வந்த சுனிலின் கையில் கடப்பாரை இருந்தது.

மேனேஜர் அக்கரையில் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். பாதை போனால் நாளைக்கு நீ வேலைக்கு வர வேண்டாம் என்று முகுந்திடம் சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறியிருந்தார்.

முகுந்த் அதுவரை யாரையும் அடித்ததில்லை. முதல் அடிக்குப் பிறகு அது சுலபமாக இருந்தது.

சுனிலை மார்பில் உதைத்துத் தள்ளினான். காலைப் பிடித்து இழுத்த ஒரு பெரியவரை வாயிலேயே குத்தினான். அவர் பல் பட்டு இவன் விரல் கிழிந்தது. யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பற்றினார்கள். சட்டை கிழிந்து அவர்கள் கையோடு போனது. சைட் காவலாளிகள் இருவரும் கம்புகளைப் போட்டுவிட்டு எப்போதோ ஓடியிருந்தார்கள்.

சுனில் ஒற்றைக் கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தான். முகுந்த் அவன் நெஞ்சின் மேல் முழங்காலை வைத்து அழுத்தினான். சேற்றுத் தண்ணீர் சுனிலின் காதுகளைத் தாண்டி வாய்க்கு ஏறியது.

முகுந்த் கடப்பாரையை ஓங்கினான். இந்த முறை தலைக்கு. அதை அவன் தெரிந்தேதான் ஓங்கினான்.

ஒரு கல் முகுந்தின் நெற்றியில் வந்து விழுந்தது.

கரைச் சரிவில் உருண்டு ஓடைக்குள் போனான். தண்ணீர் அவனை இழுத்துக் குழாய் வாயில் கிளைகளோடு கிளையாகச் சேர்த்து அழுத்தியது. வாய்க்குள் மண் போனது. ரத்தம் கண்ணை மறைத்தது. யாரோ பெல்ட்டைப் பிடித்து அவனை மேலே இழுத்துப் போட்டார்கள். அவன் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும்போதே அவர்கள் பாதையை வெட்டினார்கள். கடைசி மண் சரிந்ததும் ஓடை உறுமிக்கொண்டு கீழே பாய்ந்தது. குழாய்களில் ஒன்று தீக்குச்சி போல உருண்டு போனதை முகுந்த் படுத்தபடியே பார்த்தான்.

ஆஸ்பத்திரியில் நெற்றிக்குத் தையல் போட்டு முடிந்ததும் இன்ஸ்பெக்டர் வந்தார்.

"கல்லை எறிந்தது யார்? ஒரு பெயர் போதும். கொலை முயற்சி என்று போட்டுவிடலாம்" என்றார். கம்பெனியும் அதைத்தான் எதிர்பார்க்கிறது என்பதையும் சொன்னார்.

"பார்க்கலை சார். மழை" என்றான் முகுந்த்.

இன்ஸ்பெக்டர் அவனைப் பார்த்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்ற அவன் மனைவி அகல்யாவைப் பார்த்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

முகுந்த் பார்த்திருந்தான். எறிந்த வேகத்தில் ரெயின்கோட்டின் தலைமூடி பின்னால் சரிந்தது. கல் வந்து சேருவதற்கு முன்பே அகல்யாவின் முகம் அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அந்தக் குடியிருப்பின் தரைத்தளத்தில்தான் போன மாதம் வாடகைக்குக் குடிவந்திருந்தார்கள். சைட்டுக்குப் பக்கம் என்று வீட்டைப் பிடித்தவன் அவன்.

"மீனு?" என்று மகளைக் கேட்டான்.

"மாடி வீட்டுல தூங்கறா. தண்ணி கட்டலுக்கு மேல வந்திருச்சுங்க. கதவத் தொறக்க முடியல. ஜன்னல ஒடச்சு அவள வெளிய தூக்குனது அவருதானுங்க."

அகல்யா தடுப்புத் திரையைக் காட்டினாள். அதற்கு அந்தப் பக்கம் சுனிலுக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அகல்யாவின் நகங்களில் சேறு காய்ந்திருந்தது. அவள் அழவில்லை.

"கையில இன்னொரு கல்லும் வெச்சிருந்தனுங்க" என்றாள்.

முகுந்த் கால்களை மடக்கி, அவள் உட்கார இடம் விட்டான்.