பெண்டாட்டி பேரில் ஒரு வாறுகால்

"கையும் களவுமாப் பிடிச்சாச்சு!" என்று பல்லைக் கடித்தாள் சுகன்யா.

நகராட்சிக்குப் புதுசாக வந்த எஞ்சினியர் அவள். ஸ்கூட்டரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, கூட வந்த மேற்பார்வையாளர் பேச்சிமுத்துவோடு கரண்டுக் கம்பத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள்.

எதிரே தெருவோரம் சாக்கடைத் தண்ணீர் ஓட வாறுகால் கட்டும் வேலை மும்முரமாக நடந்தது. பெண்கள் நடத்தும் தொழிலுக்கென்றே நகராட்சி ஒதுக்கிவைத்த வேலை. காண்ட்ராக்டர் இருளம்மாள் என்று போர்டில் கொட்டை எழுத்தில் இருந்தது.

ஆனால் அங்கே நின்று சத்தம் போட்டது யார்? அவள் புருசன் பால்சாமி.

"கலவைய வெரசாக் கிண்டுங்கப்பா! குரங்கணி மலைப் பக்கம் இருட்டிக்கிட்டு நிக்குது. மழை எறங்குனா தெருவே தெப்பக்குளமாயிரும்!"

இருளம்மாளோ வேப்பமரத்தடியில், கவிழ்த்துப் போட்ட கலவைச் சட்டிமேல் உட்கார்ந்து வெத்திலையை மென்றுகொண்டிருந்தாள். சம்பந்தி வீட்டு விருந்துக்கு வந்தது மாதிரி அப்படி ஓர் உட்காரல்.

"பாத்தீங்களாண்ணே? பேரு பொம்பளைக்கு, அதிகாரம் ஆம்பளைக்கு. போன மாசந்தான் இதே மாதிரி ஒரு பினாமிய ரத்து பண்ணேன்" என்றாள் சுகன்யா.

"இதையும் பண்ணிருங்க மேடம். அந்தாளுக்குச் சுகர் வேற இருக்கும்போல. பாருங்க, மறுபடியும் தண்ணி குடிக்கப் போறாரு" என்றார் பேச்சிமுத்து.

உண்மைதான். டிராக்டரில் மணல் வந்து நின்றதும் பால்சாமி ஒரு கை அள்ளிப் பார்த்தார். நேரே பெண்டாட்டியிடம் போனார். பாட்டிலை வாங்கி ஒரு மடக்குக் குடித்தார். திரும்பி வந்தவர், "என்னப்பா இது, பாதி மண்ணாக் கெடக்கு? வண்டியத் திருப்பு! நல்ல மணலாக் கொண்டா!" என்று கத்தினார்.

கொத்தனார் மட்டம் பார்க்கக் கூப்பிட்டார். பால்சாமி குனிந்தார், நிமிர்ந்தார். உடனே தாகம் வந்துவிட்டது. போய் ஒரு மடக்கு. வந்து, "அந்த மூலையில தண்ணி தேங்கும். பிரிச்சுக் கட்டு!" என்றார்.

"மாத்திரைய ஒழுங்காச் சாப்பிட மாட்டாரு போல" என்று பரிதாபப்பட்டார் பேச்சிமுத்து.

அதற்குமேல் சுகன்யாவால் பொறுக்க முடியவில்லை. விறுவிறுவென்று போய் முன்னால் நின்றாள்.

"வாங்க மேடம்! டீ சொல்லவா?" என்று பதறினார் பால்சாமி.

"டீ இருக்கட்டும். இந்தக் காண்ட்ராக்ட் யார் பேர்ல இருக்கு?"

"எங்க வீட்டுக்காரி பேர்லதான் மேடம்."

"அப்ப இங்க நாட்டாமை பண்றது யாரு?"

பால்சாமி திருதிருவென்று விழித்தார். மரத்தடியைப் பார்த்தார். "ஒரு மடக்குத் தண்ணி குடிச்சிட்டு வந்து சொல்றேனே..."

"ஒரு சொட்டுக்கூடக் கிடையாது! பொம்பளைங்க முன்னுக்கு வரணும்னு நாங்க ஒதுக்கிக் குடுத்தா, கையெழுத்த மட்டும் வாங்கிக்கிட்டு நீங்க புகுந்துக்கிறீங்க. உங்க சம்சாரத்துக்கு இதுல ஒரு விவரமாவது தெரியுமா? பாவம், ஊமை மாதிரி உக்கார வச்சிருக்கீங்க. இன்னையோட இந்தக் காண்ட்ராக்ட் ரத்து!"

வேலை அப்படியே நின்றுபோனது. சித்தாள் பெண்கள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

பால்சாமிக்கு முகம் தொங்கிப்போனது. "ரத்து மட்டும் பண்ணிராதீங்க மேடம். மொதமொதலா அவ பேரு போர்டுல வந்திருக்கு. அதப் பாக்குறதுக்குன்னே விடியமுன்ன வந்து நிக்கிறா."

"பினாமி வேலை பாக்கும்போது அது தெரியலையா?"

"பாத்தேன் மேடம், ஒத்துக்கிறேன். இத்தனை வருசமா பினாமி வேலைதான் பாத்துக்கிட்டிருக்கேன்."

"கேட்டீங்களா மேடம்? அவரு வாயாலேயே வந்திருச்சு!" என்று குதித்தார் பேச்சிமுத்து.

"ஆனா பினாமி அவ இல்ல" என்றார் பால்சாமி. "நான்."

சுகன்யா புரியாமல் பார்த்தாள்.

"நான் போடிமெட்டுக்கு ஜீப்பு ஓட்டுன ஆளு மேடம். ஸ்டீயரிங் பிடிக்கத் தெரியும், சிமெண்டு பூசுற கரணை பிடிக்கத் தெரியாது. அவதான் சித்தாளாப் போயித் தொழில் படிச்சவ. அப்பல்லாம் பொம்பளைக்கு யாரு காண்ட்ராக்ட் குடுத்தா? சிமெண்டுக் கடையில சரக்கு எடுக்கக்கூட ஆம்பளை போயி நிக்கணும். அதான் பேருக்கு நான், தொழிலுக்கு அவ. இப்பவும் பொம்பள சொன்னா ஆளுக மூஞ்சியத் தூக்கிக்கிருவாங்கன்னு, அவ சொல்றதக் கேட்டுட்டு வந்து நான் கத்துறேன். எனக்குத் தாகமும் இல்ல, ஒண்ணும் இல்ல. குடிச்சுக் குடிச்சு வயிறுதான் உப்பிப்போச்சு!"

கொத்தனார் குபீரென்று சிரித்துவிட்டார். "எங்களுக்கு அது எப்பவோ தெரியும் மேடம். அண்ணே ஆசைக்குக் கத்தட்டும்னு விட்டுருக்கோம். அக்கா தலை எந்தப் பக்கம் ஆடுதுன்னு பாத்துத்தான் நாங்க கரணையவே எடுக்கிறோம்."

"ஏப்பா, முன்னாடியே சொல்லியிருந்தா எனக்கு இம்புட்டுத் தண்ணி மிச்சமாயிருக்குமே!" என்றார் பால்சாமி.

எல்லாரும் சிரித்தார்கள். பேச்சிமுத்துகூட வாயைப் பொத்திக்கொண்டார். சுகன்யாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பால்சாமியையே முறைத்தாள்.

"சரி, நீங்க சொல்றது நிஜம்னே வச்சுக்குவோம். இவ்வளவு நேரமா நான் இந்தக் கத்துக் கத்துறேன். உங்க சம்சாரம் ஏன் வாயே திறக்கல?"

மரத்தடியில் இருளம்மாள் வெத்திலைச் சாற்றைத் துப்பினாள். சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்து, சிரித்தபடியே பக்கத்தில் வந்தாள்.

"இதையும் அவருகிட்டதானே கேக்குறீக, தாயி!"