மாப்பிள்ளையின் செருப்பு

செருப்புத் தைக்கும் கிளைட்டஸ் அரண்மனையிலிருந்து குழம்பிப்போய்த் திரும்பினான்.

"என்னங்க, மாப்பிள்ளையோட கால் அளவு எடுத்தாச்சா?" என்றாள் மனைவி மெலிட்டா.

தீப்ஸ் நகரமே கொண்டாட்டத்தில் இருந்தது. காலையில் நாலு கால், மதியம் இரண்டு கால், மாலையில் மூன்று கால், அது எது என்று வழிமறித்துக் கேட்டு, விடை தெரியாதவர்களைத் தின்றுகொண்டிருந்த பெண்தலைச் சிங்கம் ஒழிந்துவிட்டது. 'மனிதன்' என்று விடை சொன்னவன் வெளியூர் இளைஞன். விதவை ராணியும் சிம்மாசனமும் அவனுக்குத்தான். மாலையில் கல்யாணம்.

"தவழ்றோம், நடக்கிறோம், தடி ஊன்றோம். இது நமக்குத் தோணலையே!" என்றான் கிளைட்டஸ்.

"தோணியிருந்தா நீங்க ராணியைக் கட்டியிருப்பீங்க. வேலையைப் பாருங்க."

"வாரை எங்கே கட்டுறதுன்னே புரியலடி. மாப்பிள்ளைக்கு ரெண்டு கணுக்கால்லயும் துளை போட்ட தழும்பு, வீங்கிக் கிடக்கு. கேட்டா, நினைவு தெரிஞ்ச நாளா இருக்காம்."

மெலிட்டாவின் முகம் வெளுத்தது. "ரெண்டு கால்லயுமா?"

"ஆமா. உனக்கு என்ன ஆச்சு?"

"நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி அரண்மனையில ஒரு பிரசவம் பார்த்தேன். பொறந்த பிள்ளையோட கணுக்காலைத் துளைச்சுக் கட்டி, மலையில போட்டுட்டு வரச் சொன்னாரு செத்துப்போன ராஜா."

"யாரோட பிள்ளை?"

"ராணியோடது."

தெருவில் கல்யாணக் குழல் ஒலித்தது.

"சொன்னா நம்ம தலை போயிடும்," என்றான் கிளைட்டஸ். "இப்ப நான் செருப்பைத் தைக்கவா, வேண்டாமா?"